‘டஸ்க்’: நாற்பது லட்சம் விற்றும் தோல்வி என்று பெயர் எடுத்த ஆல்பம்

நாற்பது லட்சம் பிரதி விற்ற ஓர் இசைத்தட்டைத் தோல்வி என்று யாராவது சொல்வார்களா? 1979-இல் சொன்னார்கள். ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழு அந்த அக்டோபரில் வெளியிட்ட ‘டஸ்க்’ (Tusk, தந்தம்) என்ற இரட்டை ஆல்பத்துக்குக் கிடைத்த பெயர் அது. இன்று அதே ஆல்பத்தை அந்தக் குழு செய்ததிலேயே துணிச்சலான வேலை என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான் என்று சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. தட்டில் உள்ள இருபது பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்கிற காதுதான் மாறியிருக்கிறது.

ராக் இசை பற்றிப் பேசுகிற இடங்களில் இந்த மறுமதிப்பீடு என்ற சங்கதி அடிக்கடி அடிபடும். அன்று உதறித் தள்ளிய ஆல்பத்தை இருபது, முப்பது வருடம் கழித்து எடுத்துத் தூசி தட்டி, ‘இதை நாம் சரியாகக் கேட்கவில்லையே’ என்பார்கள். இது எப்படி நடக்கிறது, இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பம்மாத்து என்பதை ‘டஸ்க்’கை வைத்தே பார்த்துவிடலாம். ராக் அதிகம் கேட்டுப் பழகாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழகியவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆல்பம் என்பது என்ன கணக்கு

நமக்குப் பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. கேசட்டில் எந்தப் பாட்டு முதலில் வருகிறது, எது கடைசி என்பதை வைத்து யாரும் இசையமைப்பாளரை எடை போட்டதில்லை. ராக் உலகத்தில் 1960-களின் நடுவிலிருந்து நிலைமை வேறு. அதற்கு முன் அங்கேயும் தனிப்பாட்டு, அதாவது சிங்கிள்தான் ராஜா. நாலு சிங்கிள் ஓடிவிட்டால் அவற்றோடு மீதிச் சரக்கைச் சேர்த்து நீண்ட தட்டாக விற்பார்கள். பீட்டில்ஸ், பீச் பாய்ஸ் போன்றவர்கள் அந்த நீண்ட தட்டையே ஒரு முழுப் படைப்பாக நினைத்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, பாட்டுகளின் வரிசை, முதல் பக்கம் எங்கே முடிகிறது, இரண்டாம் பக்கம் எதில் தொடங்குகிறது, அட்டைப்படம் எல்லாமே பேச்சுக்குரிய விஷயங்கள் ஆயின. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் அடங்கும். இரட்டை ஆல்பம் என்றால் இரண்டு தட்டு, நாலு பக்கம். ‘டஸ்க்’ அப்படிப்பட்டது. பக்கத்துக்கு ஐந்து பாட்டு, மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

குறைத்து மதிக்கப்பட்ட ஆல்பங்களிலும் ரகம் உண்டு. யாருமே வாங்காமல் போனவை ஒரு ரகம். கிங்க்ஸ் என்ற லண்டன் குழு 1968 நவம்பரில் கிராமத்துப் புல்வெளி, பழைய நண்பர்கள், நீராவி ரயில் பற்றியெல்லாம் ஓர் ஆல்பம் போட்டது. இங்கிலாந்துப் பட்டியலிலும் அமெரிக்கப் பட்டியலிலும் அது இடமே பிடிக்கவில்லை. இன்று அதைக் கொண்டாடுகிறார்கள். இந்த ரகத்தில் மறுமதிப்பீடு சுலபம். காதில் விழாதது இப்போது விழுகிறது, அவ்வளவுதான். இன்னொரு ரகம், எல்லோரும் வாங்கி, எல்லோரும் கேட்டு, எதிர்பார்த்தது இது இல்லையே என்று உதட்டைப் பிதுக்கியவை. லெட் ஸெப்பலினின் மூன்றாவது ஆல்பம் 1970-இல் பட்டியலின் முதலிடத்துக்கே போனது. ஆனால் முந்தைய இரண்டிலும் இருந்த இடி முழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத கிட்டார் இசையாக இருந்தது பிடிக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டவருக்கு வெண்பொங்கலின் மிளகு கடிபட்டால் முகம் எப்படி மாறும்? பொங்கலில் குறையே இருக்காது. ‘டஸ்க்’ இந்த இரண்டாவது ரகம்; அதிலும் முற்றிய கேஸ்.

முன்னால் நின்ற மலை

‘டஸ்க்’குக்கு முந்தைய ஆல்பம் ‘ரூமர்ஸ்’. 1977 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரே ஆண்டில் விற்பனை ஒரு கோடியை எட்டியது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் அதற்குத்தான்.

குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயும் 1967-இல் லண்டனில் ப்ளூஸ் இசைக்குழுவாகத் தொடங்கிய காலத்து ஆட்கள். இவர்கள் இருவரின் பெயரையும் ஒட்டித்தான் குழுவுக்கே பெயர். பியானோவும் பாட்டும் கிறிஸ்டின் மெக்வீ, ஜானின் மனைவி. 1974-இன் கடைசியில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்த காதல் ஜோடி லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும். ‘ரூமர்ஸ்’ பதிவான சமயத்தில் மெக்வீ தம்பதி பிரிந்துவிட்டார்கள். காதல் ஜோடியும் பிரிந்துவிட்டது. மிக்கின் குடும்பமும் ஆட்டம் கண்டிருந்தது. பிரிந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பாட்டு எழுதி, அந்தப் பாட்டுக்கு எதிராளியையே பின்குரல் பாட வைத்தார்கள். இவ்வளவு ரணத்தையும் பளபளவென்று இழைத்து, வானொலியில் காலை காபியோடு கேட்கிற மாதிரி ஆக்கியதுதான் ‘ரூமர்ஸ்’ செய்த மாயம்.

இப்படி ஒன்று ஓடிவிட்டால் கம்பெனிக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இதே போல் இன்னொன்று. இவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸும் அதைத்தான் எதிர்பார்த்தது. பக்கிங்ஹாம் மாட்டேன் என்றார். அவர் அப்போது க்ளாஷ், டாக்கிங் ஹெட்ஸ் போன்ற புதிய குழுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1976, 77-இல் வெடித்த, வேகமும் முரட்டுத்தனமுமான பங்க் இசை, ஃப்ளீட்வுட் மேக் மாதிரியான கோடீஸ்வரக் குழுக்களைக் கிழடு தட்டியவை என்று கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. பக்கிங்ஹாமுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. வெற்றி பெற்ற சூத்திரத்தையே திரும்பப் போடும் ஆளாகிவிடக்கூடாது என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது என்று பிற்காலப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். குழுவின் நிர்வாகத்தையும் கவனித்துக்கொண்ட மிக் அவர் பக்கம் நின்றார். அந்த ஆதரவு இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை.

குளியலறையும் கோடி ரூபாய் ஸ்டூடியோவும்

லாஸ் ஏஞ்சலஸில் வில்லேஜ் ரெக்கார்டர் என்ற ஒலிப்பதிவுக் கூடம். அதில் இவர்களுக்கென்றே ‘டி’ அறையைப் பணத்தைக் கொட்டி அமைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கேயே குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த ராக் ஆல்பத்துக்கும் ஆகாத தொகை என்று அன்றைக்கே பேச்சாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பணம் விழுங்கிய ஆல்பத்தின் பல பாட்டுகள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாளாகப் பதிவு செய்தவை மாதிரி ஒலிக்கும். காரணம், சிலவற்றைப் பக்கிங்ஹாம் உண்மையிலேயே அப்படித்தான் செய்தார். வீட்டில் எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, ஓடு பதித்த குளியலறையின் எதிரொலிக்காக அங்கே உட்கார்ந்து பாடி, டிரம்ஸுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் பெட்டியைத் தட்டி, அந்த நாடாக்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார்.

ரிச்சர்ட் டாஷட்டோடு சேர்ந்து குழுவின் ஒலிப்பதிவையும் தயாரிப்பையும் பார்த்துக்கொண்ட கென் கைலாட் இந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் வழக்கம்போல் கருவிகளை எல்லாம் சரி செய்து வைத்திருந்தாராம். பக்கிங்ஹாம் வந்து ஒவ்வொரு திருகையும் இப்போது இருப்பதற்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பு, என்ன ஆகிறது பார்ப்போம் என்றாராம். மைக்கைத் தரையில் ஒட்டி வைத்துத் தண்டால் எடுப்பவர் மாதிரி குப்புறக் கைகளை ஊன்றிக்கொண்டு பாடினார். ஒருநாள் குளிக்கும்போது நகம் வெட்டும் கத்தரியால் தன் தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டு வந்து நின்றார். இதில் பாதி கிறுக்கு, பாதி தீவிரம். ‘ஒய்யாரமாக நின்று பாடினால் அழகான குரல்தான் வரும், எனக்கு அது வேண்டாம்’ என்பதுதான் அந்தத் தண்டாலின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இழுத்துப் பிடித்த மூச்சில் வரும் குரலுக்கு வேறு ஓர் உறுத்தல் உண்டு. ‘நாட் தட் ஃபன்னி’ என்ற பாட்டைக் கேட்டால் புரியும்.

இப்போது முதல் பக்கத்தைப் போடுங்கள். எடுத்த எடுப்பில் ‘ஓவர் அண்ட் ஓவர்’. கிறிஸ்டின் மெக்வீ எழுதிப் பாடியது. அவசரமே இல்லாத, தோளில் கை போடுகிற மாதிரியான பாட்டு. ‘ரூமர்ஸ்’ ரசிகர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அது தேய்ந்து மறைந்ததும் ‘தி லெட்ஜ்’. இரண்டே நிமிடம். டிரம்ஸ் ஏதோ மரப்பெட்டியை ஆணியடிப்பது மாதிரி தடதடக்கும். பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் சுருதியைத் தளர்த்திக் கீழே இறக்கிய கிட்டார் ஒன்று கொழகொழவென்று உருளும். குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முணுமுணுத்து, ஒரு வார்த்தை பிடிபடுவதற்குள் ஓடிவிடும். தட்டில் கோளாறா, ஊசியில் கோளாறா என்று எழுந்து போய்ப் பார்த்தவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்தது மறுபடி கிறிஸ்டின், ‘திங்க் அபவுட் மீ’. நல்ல முறுக்கான வழக்கமான ராக். அதன் பின் பக்கிங்ஹாமின் ‘சேவ் மீ எ ப்ளேஸ்’, தேவாலய பஜனை மாதிரி பல அடுக்குக் குரலில். பக்கம் முடியும் இடத்தில் ஸ்டீவி நிக்ஸின் ‘ஸாரா’, ஆறு நிமிடத்துக்கு மேல். மிக் டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் தூரிகை மாதிரியான பிரஷ்ஷால் வருடுகிறார். பியானோ ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லாததுபோல் குரல்கள் அலையலையாக வந்துகொண்டே இருக்கும். இந்த ஐந்து பாட்டும் எழுதியவர் மூன்று பேர், ஒலிக்கும் விதம் நாலு ஐந்து. ‘டஸ்க்’ எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு பக்கமே சொல்லிவிடுகிறது.

தலைப்புப் பாட்டு

ஆல்பத்துக்கு முன்பாகவே, செப்டம்பரில், சிங்கிளாக வந்தது ‘டஸ்க்’ பாட்டு. கச்சேரிக்கு முன் கருவிகளைச் சரிபார்க்கும்போது குழு சும்மா வாசித்துக்கொண்டிருந்த ஒரு சிறு தாளக்கட்டுதான் இதன் விதை. அந்த டிரம்ஸை ஒரு நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓட விட்டார்கள். அதன் மேல் கிசுகிசுப்பும் உறுமலும்.

மேலே என்ன சேர்ப்பது என்ற கேள்விக்கு மிக் சொன்ன பதில் வினோதமானது. பிரான்ஸில் நார்மண்டிப் பகுதிக் கடலோர ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது, காலையில் தெருவில் போன உள்ளூர் பேண்ட் வாத்தியம் அவரை எழுப்பியதாம். ஊரே பின்னால் போனதாம். அது மாதிரி ஒன்று இந்தப் பாட்டுக்கு வேண்டும் என்றார். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ட்ரோஜன் அணிவகுப்பு பேண்டைப் பிடித்தார்கள். 112 மாணவர்கள். ஸ்டூடியோவில் அடங்காது என்பதால் டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியத்தை எடுத்து, ஆளில்லாத மைதானத்தில் நிற்க வைத்துப் பதிவு செய்தார்கள். அந்த நாளில் படமும் எடுத்தார்கள். ஜான் மெக்வீ ஊரில் இல்லை, தஹிதி தீவில் இருந்தார். அதனால் அவர் உருவத்தை அட்டையில் ஆளுயரத்துக்கு வெட்டி, மிக் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தார். இணையத்தில் கிடைக்கும், பார்த்துவிடுங்கள்.

பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். கூட்ட இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் அந்த டிரம்ஸ் ஆரம்பிக்கிறது. பக்கிங்ஹாம் சந்தேகப் பிராணியின் தொண்டையில் கேள்விகளை முனகுகிறார். கேள்விகளுக்குப் பதில் வராது. தலைப்பை ஒரே ஒரு கத்தலாகக் கத்துகிறார்கள், அடுத்த கணம் பித்தளை வாத்தியங்கள் அத்தனையும் வந்து மோதுகின்றன. காதல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் ஒருவன் படுக்கையறையில் தனியாகப் புலம்ப, அவன் மண்டைக்குள் ஓர் ஊர்வலம் போகிறது. இதைப் போய் அமெரிக்காவில் எட்டாவது இடத்துக்கும் இங்கிலாந்தில் ஆறாவது இடத்துக்கும் மக்கள் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று நினைத்தால் அதுதான் ஆச்சரியம். அடுத்த சிங்கிள் ‘ஸாரா’ ஏழாவது இடம்.

பிறகு ஏன் தோல்வி?

கணக்குப் பார்த்தால் ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் நாலாவது இடம். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் விருந்து வைத்திருப்பார்கள். ஒரு கோடியோடு ஒப்பிட்டதால் நாற்பது லட்சம் சின்னதாகிவிட்டது. விலையும் கடித்தது: 15.98 டாலர், சாதாரண ஆல்பத்தைப்போல் இரு மடங்கு. 1979-இல் அமெரிக்க இசைத்தட்டு வியாபாரமே படுத்துக்கிடந்தது. வெளியீட்டுக்கு முன்பே ஆர்.கே.ஓ. வானொலி நிலையங்கள் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பிவிட்டன, ஜனங்கள் வீட்டிலேயே கேசட்டில் பதிந்துகொண்டார்கள் என்று மிக் குறைபட்டுக்கொண்டார்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விமர்சகர்கள் அப்போது ஒட்டுமொத்தமாகத் திட்டவில்லை. ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சனம் இதை பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ என்ற இரட்டை ஆல்பத்தோடு ஒப்பிட்டது. முழுமையாகத் தைத்த பாட்டுகளைவிடத் துண்டுகளை ஒட்டிய சித்திரம் என்ற பொருளில், மரியாதையோடுதான். மறுமதிப்பீட்டுக் கதைகளில் பெரும்பாலும் ‘அன்று எல்லோரும் முட்டாள்கள், இன்று நாம் புத்திசாலிகள்’ என்ற தொனி இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய விமர்சனங்களை எடுத்துப் படித்தால் பாதி நேரம் அன்றைய ஆட்கள் சரியாகவே கேட்டிருப்பார்கள். தோல்வி என்ற பட்டம் பெரும்பாலும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது. பிறகு குழுவே அதை நம்பத் தொடங்கிவிடுகிறது. ‘டஸ்க்’ விஷயத்திலும் அதுதான் நடந்தது. இனி இப்படி ஒன்று வேண்டாம் என்று குழுவில் முடிவாகிவிட்டதைப் பக்கிங்ஹாம் கசப்போடு பேசியிருக்கிறார்.

காது மாறிய கதை

தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் அடுத்த தலைமுறை இசைக்காரர்கள். 1980-களிலும் 90-களிலும் ஸ்டூடியோவுக்குக் காசில்லாத இளைஞர்கள் வீட்டிலேயே நாலு தட நாடாவில் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். இரைச்சல், கரகரப்பு, அரைகுறைத் தாளம் எல்லாம் கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் காதோடு ‘தி லெட்ஜ்’ஜைக் கேட்டால் கோளாறு எதுவும் தெரியாது, சொந்தக்காரர் வீட்டுக் குரல் மாதிரித்தான் இருக்கும். கேம்பர் வான் பீத்தோவன் என்ற கலிஃபோர்னியக் குழு இருபது பாட்டையும் வரிசை மாறாமல் தாங்களே வாசித்து 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆல்பமாகவே வெளியிட்டது. ஃப்ளீட்வுட் மேக் பாட்டுகளை மற்றவர்கள் பாடி 2012-இல் வந்த அஞ்சலித் தொகுப்பில் ஆஸ்திரேலியாவின் டேம் இம்பாலா ‘தட்ஸ் ஆல் ஃபார் எவ்ரிஒன்’னை எடுத்துக்கொண்டது, கேட்டால் அவர்கள் எழுதிய பாட்டோ என்று தோன்றும். பிரிந்திருந்த ஐவரும் 1997-இல் சேர்ந்தபோது, அதே பல்கலைக்கழக பேண்டை மேடைக்கு வரவழைத்துத் தலைப்புப் பாட்டை வாசித்தார்கள். அந்தக் கச்சேரி ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் போனது.

கம்பெனிகளும் சும்மா இருக்குமா? மறுமதிப்பீடு என்றால் மறுபதிப்பு, மறுபதிப்பு என்றால் காசு. 2004-இல் கூடுதல் பதிவுகளோடு ஒன்று, 2015-இல் பெரிய பெட்டியாக இன்னொன்று. இதில் நல்லதும் உண்டு. முதலில் வந்த சி.டி.யில் இடம் போதாமல் ‘ஸாரா’வை நாலரை நிமிடமாக வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பாட்டின் உயிரே முடியாமல் நீள்வதில் இருக்கிறது. பிந்தைய பதிப்புகளில் முழுதாக வந்தது. நீங்கள் கேட்பது ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனத்தாங்கல்

இந்த மறுமதிப்பீட்டில் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் இருக்கிறது. ‘டஸ்க்’கைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பக்கிங்ஹாமைத்தான் புகழ்கிறார்கள். கம்பெனியை எதிர்த்து நின்ற தனி மனிதன், குளியலறை மேதை, டிஷ்யூ பெட்டி. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது பாட்டில் அவர் எழுதியது ஒன்பது. கிறிஸ்டின் ஆறு, ஸ்டீவி ஐந்து. பாதிக்கு மேல் இரண்டு பெண்களுடையது. அந்தப் பதினொன்றையும் பழைய ‘ரூமர்ஸ்’ மிச்சம் என்று ஒதுக்கினால், முதலில் கேட்ட ஆட்கள் செய்த அதே பிழை தலைகீழாக நடக்கிறது. அவர்கள் வினோதமான பாட்டுகளைத் தள்ளிவிட்டு மென்மையானதைத் தேடினார்கள். இவர்கள் மென்மையானதைத் தள்ளிவிட்டு வினோதத்தைத் தேடுகிறார்கள்.

‘பிரவுன் ஐஸ்’ என்ற கிறிஸ்டினின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்தைகள் மிகக் குறைவு. தாளம் எங்கோ அடுத்த அறையில் நடக்கிற மாதிரி. சுருதியில் ஒரு மங்கல், நம்பலாமா கூடாதா என்ற தயக்கம். பாட்டு தேயும் இடத்தில் கேட்கும் கிட்டாரில், 1970-இல் குழுவை விட்டுப் போன அதன் நிறுவனர் பீட்டர் கிரீனின் கையும் உண்டு. அட்டையில் பெயர் போடவில்லை. ஸ்டீவியின் ‘ஸ்டார்ம்ஸ்’ இன்னொன்று. ஒரு கிட்டார், அடக்கி வாசித்த தாளம், குரலுக்குப் பின்னால் அவருடைய குரலே நிழல் மாதிரி. ‘ரூமர்ஸ்’ காலமாக இருந்தால் இந்தப் பாட்டை அலங்கரித்து ஆளையே மறைத்திருப்பார்கள். இங்கே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அப்படி விடத் தெரிந்ததில் பக்கிங்ஹாமுக்கும் பங்கு இருக்கிறது. அவருடைய முரட்டுப் பாட்டுகளைவிட, மற்ற இருவரின் பாட்டுகளில் அவர் கை வைக்காமல் விட்ட இடங்களே எனக்கு இந்த ஆல்பத்தில் பெரிதாகப் படுகின்றன.

இரண்டும் கலந்து வருவதால்தான் வேலை நடக்கிறது. முரட்டுப் பாட்டு ஒன்று முடிந்து கிறிஸ்டினின் குரல் வரும்போது அந்த இனிமையில் ஏதோ ஒளிந்திருப்பதுபோல் படுகிறது. வரிசையைக் கலைத்துப் பக்கிங்ஹாமின் ஒன்பதை மட்டும் தொகுத்துக் கேட்டால் சீக்கிரம் அலுத்துவிடும்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ‘நாட் தட் ஃபன்னி’யும் ‘ஐ நோ ஐ’ம் நாட் ராங்’கும் சில வரிகளையே பகிர்ந்துகொள்ளும் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று போதும். ‘தட்ஸ் எனஃப் ஃபார் மீ’ இல்லாமல் போயிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். மூன்றாம் பக்கம் கொஞ்சம் தொய்கிறது. குறைத்து மதிக்கப்பட்டது என்று சொன்னவுடன் குறையே இல்லாதது என்று வாதாடுவது மறுமதிப்பீடு ஆகாது, அது ரசிகர் மன்றம்.

எப்படிக் கேட்பது

‘ரூமர்ஸ்’ கேட்டதில்லை என்றால் நல்லது, இப்போதைக்குக் கேட்காதீர்கள். ஒப்பிடும் தொல்லை இருக்காது. செயலியில் வரிசை மாற்றி ஒலிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். இருபதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். தட்டு இருந்த காலத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை, எழுந்து போய்த் திருப்பிப் போட்டார்கள். ஐந்தாவது பாட்டில் நிறுத்துங்கள். மறுநாள் ஆறாவதிலிருந்து.

ஆறாவது ‘வாட் மேக்ஸ் யூ திங்க் யூ ஆர் தி ஒன்’. முதல் தடவை கேட்கும்போது அதன் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். நள்ளிரவில் பக்கிங்ஹாம் பியானோவில், மிக் எதிரே. டிரம்ஸ் சத்தத்தைப் பிடிக்க மலிவான கேசட் ரெக்கார்டரின் மைக்கைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சின்ன மைக் தாங்காமல் நசுங்குகிற சத்தம்தான் நீங்கள் கேட்கும் அந்த அறை. ஸ்டூடியோவில் இருந்த விலை உயர்ந்த மைக் எதுவும் தந்திராத ஆத்திரம் அதில் இருக்கிறது.

நாலாம் பக்கம், பதினாறாவது பாட்டிலிருந்து இருபது வரை, எனக்குப் பிடித்தது. ‘பியூட்டிஃபுல் சைல்ட்’ ஸ்டீவி எழுதியவற்றில் அதிகம் பேசப்படாதது. குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசியில் தாலாட்டா ஒப்பாரியா என்று தெரியாமல் போகும். அடுத்து ‘வாக் எ தின் லைன்’. இதில் டிரம்ஸ் கொஞ்சம் பின்தங்கித் தடுமாறி வந்து சேர்வது வேண்டுமென்றே செய்தது. மிக்குக்கு இந்தப் பாட்டின் மேல் தனிப் பிரியம். 1981-இல் கானாவுக்குப் போய் அவர் செய்த தனி ஆல்பத்தில் இதை மறுபடி பதிவு செய்தார். அதில் கிட்டார் வாசித்தவர் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன்.

எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு ‘ரூமர்ஸ்’ போடலாம். அதற்கும் பிறகு 1982-இல் வந்த ‘மிராஜ்’. அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம். கம்பெனி கேட்டது கிடைத்துவிட்டது. ‘ஜிப்ஸி’ மாதிரி அருமையான பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் பக்கிங்ஹாம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த முரட்டுச் சத்தங்களை அதற்கு முந்தின வருடமே ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற தன் தனி ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதையும் கேட்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.